ஃபோர்க் சீல் மாற்றும் வேலை: பினாங்குப் பட்டறைகளில் காசுக்கு என்ன கிடைக்கிறது

முன் அப்சார்பரில் (ஃபோர்க்கில்) எண்ணெய் கசிகிறது என்று பினாங்கில் எந்தப் பட்டறை வாசலில் போய் நின்றாலும் ஒரே பதில்தான் வரும்: "சீல் போயிருச்சு தம்பி, மாத்திடலாம்." சீல் என்பது ஃபோர்க் பைப்பைச் சுற்றி உட்கார்ந்து எண்ணெயை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையம். அவர்கள் சொல்வது பொய் இல்லை, ஆனால் பாதி உண்மை. சீல் ஏன் போனது என்று பார்த்துவிட்டு மாற்றுகிற பட்டறைக்கும், பார்க்காமல் மாற்றுகிற பட்டறைக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வேலை எத்தனை நாள் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், டத்தோ கெராமாட் பக்கமும், பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறையிலும் இருக்கும் சின்னப் பட்டறைகள் செய்து தரும் வேலையையும், அவை பயன்படுத்தும் சீல், எண்ணெய் வகைகளையும் இங்கே எடை போடுகிறோம். பெரும்பாலும் கப்சாய் (ஹோண்டா கப் மாதிரிச் சின்ன மோட்டார்) பற்றிய பேச்சு. பெரிய வண்டிகள் இடையிடையே வரும்.

முதலில் கசிவது ஃபோர்க் எண்ணெய்தானா என்பது உறுதியாக வேண்டும். இந்த இடத்திலேயே பல பட்டறைகள் மதிப்பெண் இழக்கின்றன. பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) இருக்கிற பக்கம் ஈரமாக இருந்தால், அது பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம். சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஒரு டிஷ்யூவில் ஈரத்தைத் தொட்டு, வெள்ளைத் தட்டில் இருக்கும் தண்ணீரில் முக்குங்கள். ஃபோர்க் எண்ணெய் கலக்காமல் வானவில் நிறத்தில் மிதக்கும். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். காலிப்பரைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருந்தாலும் பிரேக் ஆயில் மேல்தான் சந்தேகம் போக வேண்டும். அப்படியென்றால் சீல் வேலையே வேண்டாம். ஹோஸ் முனையில் இருக்கும் செப்பு வாஷரையோ காலிப்பர் பிஸ்டன் ரப்பரையோ பார்க்க வேண்டும், அதுவும் உடனே.

அடுத்து, ஈரத்தின் மிக உயரமான புள்ளி எது என்று தேட வேண்டும். எண்ணெய் எப்போதும் கீழே ஓடும் என்பதால் கீழே தேங்கியதைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பிரேக் கிளீனரோ மண்ணெண்ணெய் நனைத்த துணியோ கொண்டு மேலே இருக்கும் குரோம் பைப்பையும் அது நுழைந்து இறங்கும் அலுமினிய அவுட்டரையும் வறவற என்று துடைத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பத்துத் தடவை அழுத்தி எடுங்கள். பைப்பில் மெல்லிய பளபளப்பு மட்டும் வந்தால் அது இயல்பு. சீல் உதட்டை நனைத்து வைக்க அந்தப் படலம் தேவை. வளையமாகத் திரண்டு, அடுத்த அழுத்தத்தில் கோடாக இறங்கினால் சீல் பிடிக்கவில்லை. பைப் காய்ந்திருக்க, சக்கர அச்சுக்குப் பக்கத்தில் ஃபோர்க்கின் அடியில் மட்டும் சொட்டினால் குற்றவாளி சீல் இல்லை. அடி போல்ட்டின் செப்பு வாஷர் நசுங்கிப் போயிருக்கும். இதற்கும் சேர்த்து ஒரு ஜோடி சீல் விற்கிற கடைகள் உண்டு.

இனி பினாங்கின் தனிப் பிரச்சினைக்கு வருவோம்.

கடற்கரையோரம் தினமும் போகிற வண்டிகளின் பைப்பைப் பாருங்கள். துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையில் ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை போகும் தொழிற்சாலைக்காரர்கள், 13.5 கிலோமீட்டர் பாலத்தைத் தினம் இரண்டு தடவை கடப்பவர்கள், ஃபெர்ரியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் எல்லோருக்கும் உப்புக் காற்று பொது. குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் போதும். உப்பு ஈரம் அதன் வழியே இரும்பைத் தொடும், துரு உள்ளிருந்து குரோமைத் தள்ளி உரிக்கும். வெளியே தெரிவது ஊசி முனை அளவு பழுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியின் ஓரம் ரம்பம் மாதிரி. ஒவ்வொரு குழியிலும் வண்டி இறங்கி ஏறும்போது அது புது சீலின் உதட்டைச் சீவிக்கொண்டே போகும்.

அதனால் பட்டறையை எடைபோட எங்கள் முதல் அளவுகோல் இதுதான்: மெக்கானிக் புது சீலைக் கையில் எடுக்கும் முன், பைப்பை விரல் நகத்தால் மேலிருந்து கீழாக வருடிப் பார்க்கிறாரா? நகத்துக்குத் தட்டுப்படாத நுண்குழியைப் பிடிக்கப் பஞ்சால் துடைத்தால் போதும். இழை சிக்கி நிற்கும். எந்த இடத்தில் சிக்குகிறது என்பதும் கணக்கு. வண்டியில் ஆள் உட்கார்ந்த நிலையில் சீலுக்கு மேலே தெரியும் சில சென்டிமீட்டர் நீளம்தான் அதிகம் உழைக்கும் பகுதி. அங்கே குழி இருந்தால் சீலை மட்டும் மாற்றுவது வீண் செலவு. அதைவிட மேலே, ஹேண்டிலுக்குக் கீழே யோக் என்ற தாங்கி பைப்பைப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துரு அசிங்கமே தவிர சீலைத் தொடாது. அதைக் காட்டிப் புது பைப் விற்கப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லலாம்.

குழி ஓரிரண்டுதான், ஆழமும் இல்லை என்றால் ஒட்டுப்போட்டு ஓட்டலாம். துருவை முழுதும் சுரண்டி, பிரேக் கிளீனரில் கழுவிக் காயவைத்து, சூப்பர் குளூவையோ இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியையோ குழியில் ஒரு சொட்டு நிரப்பி, நன்றாக இறுகிய பிறகு 1000 நம்பர், அப்புறம் 2000 நம்பர் தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சமன் செய்ய வேண்டும். தேய்க்கும் திசை முக்கியம். பைப்பைச் சுற்றித் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறல்களே எண்ணெய் ஏறிவர வாய்க்கால் ஆகிவிடும். இது சில மாதத் தீர்வு. பெரிய வண்டியின் பைப்பை மறுபடி ஹார்டு குரோம் ஏற்றிக் கடைசல் பிடித்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. கப்சாய்க்குப் புது பைப் வாங்குவதே மலிவு. ஆனால் மலிவு பைப்பின் குரோம் பூச்சு மெல்லியது. கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு அசல் பாகத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டமாகாது.

பைப் வளைந்திருந்தாலும் சீல் நிற்காது. பள்ளத்தில் விழுந்த வண்டி, எங்காவது மோதிய வண்டி என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பலகை மேல் உருட்டினால் பெரிய வளைவு தெரியும். சரியாக அளக்க வி வடிவத் தாங்கியும் டயல் கேஜும் வேண்டும். ஹோண்டா, யமஹா சர்வீஸ் புத்தகங்கள் பெரும்பாலும் வைக்கும் எல்லை 0.2 மில்லிமீட்டர். சின்னப் பட்டறையில் டயல் கேஜ் எதிர்பார்க்க முடியாது, அதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை. உருட்டிக்கூடப் பார்க்காதவர்களுக்குத்தான் குறைக்கிறோம்.

சீலுக்கு வருவோம். உடம்பில் மூன்று எண் அச்சிட்டிருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், உயரம். ஹோண்டா கப் வகைக் கப்சாய்களில் பரவலாகப் போவது 26-37-10.5. பெரிய வண்டிகளில் 37-50-11, 41-54-11 போன்றவை அடிக்கடி கண்ணில் படும். மூன்றாவது எண்ணை அலட்சியம் செய்கிறவர்கள் உண்டு. உயரம் கூடினால், சீல் வெளியே வராமல் பிடிக்கும் பூட்டு வளையம் தன் காடியில் உட்காராது. குறைந்தால் சீல் மேலும் கீழும் ஆடும். பழைய சீலின் எண்ணைப் படித்துச் சொல்லி வாங்குங்கள், வண்டிப் பேரை மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். ஒரே பேரில் வருடத்துக்கு வருடம் ஃபோர்க் மாறிய வண்டிகள் இருக்கின்றன.

கடைகளில் கிடைப்பவற்றில் ஜப்பானிய வண்டிகளின் அசல் சீல் பலவும் என்.ஓ.கே. தயாரிப்பு, ரப்பர் உதடு மெல்லியதாக, ஒரே சீராக இருக்கும், உள்ளே சுற்றியிருக்கும் சுருள் கம்பி இறுக்கமாக இருக்கும். பெரிய வண்டிக்காரர்கள் எஸ்.கே.எஃப்., அரியெட்டே பக்கம் போவார்கள். இரண்டும் நல்லவை. பெயர் தெரியாத பிளாஸ்டிக் உறையில் வரும் ஜோடிகளைத் தூக்கி எறிந்துவிடச் சொல்ல மாட்டோம். ஆனால் கையில் வாங்கியதும் உதட்டை விரலால் சுற்றித் தடவுங்கள். வார்ப்பில் மிஞ்சிய பிசிறு நகத்தில் பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுருள் கம்பி தளர்ந்து வெளியே எட்டிப் பார்த்தாலும் அப்படியே. எண்ணெய் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்க இருக்கும் தூசி சீலையும் சேர்த்து மாற்றுவதுதான் நியாயம். மழைத் தண்ணீர் அதற்குக் கீழே தேங்கித்தான் குரோம் முதலில் துருப்பிடிக்கிறது, அப்படியிருந்தும் "அது நல்லாத்தான் இருக்கு" என்று பழையதையே மாட்டுகிற பழக்கம் எங்கும் பரவிக் கிடக்கிறது.

சீலுக்கும் பைப்புக்கும் நடுவில் விட்டுச் சுழற்றும் பிளாஸ்டிக் கொக்கித் தகடு ஒன்று கடைகளில் விற்கிறது. மண் துகள் உதட்டில் சிக்கியதால் வரும் கசிவுக்கு அது உண்மையிலேயே வேலை செய்கிறது, ஃபோர்க்கைக் கழற்றவே வேண்டாம். மோட்டார் கழுவும் கடையில் அழுத்தத் தண்ணீரை நேராக ஃபோர்க்கில் அடித்த பிறகு ஆரம்பித்த கசிவு என்றால் முதலில் இதை முயலுங்கள். பெரும்பாலான தகடுகள் பெரிய பைப்புக்கு வளைத்தவை. 26 மில்லிமீட்டர் பைப்பில் சரியாக உட்காராது. தடித்த பானப் போத்தலில் வெட்டிய துண்டை ஓரம் மழித்து உபயோகித்தால் அதே வேலை நடக்கும். தகடு வெளியே வரும்போது கறுப்புச் சேறு ஒட்டி வந்தால் நோய் கண்டுபிடித்தாயிற்று. சுத்தமாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், திரும்பத் திரும்ப விட்டால் உதடுதான் கிழியும்.

இனி வேலை. எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம், மட்கார்ட் கழற்றி, காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோசில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே பிளக்கும். ஃபோர்க்கின் மேல் மூடியை யோக் போல்ட் இறுக்கமாக இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட வேண்டும்; வெளியே எடுத்த பிறகு தளர்த்தப் பார்த்தால் பைப்பை வைஸில் நெருக்க வேண்டிவரும், குரோம் போய்விடும். அடி போல்ட்டைத் திருப்பினால் உள்ளே அது பிடித்திருக்கும் டாம்பர் தண்டும் சேர்ந்து சுற்றுவது வழக்கமான தலைவலி. இம்பாக்ட் கன் இருக்கும் பட்டறையில் ஐந்து விநாடி வேலை. இல்லாத இடத்தில் ஸ்பிரிங்கை உள்ளேயே விட்டு ஃபோர்க்கை அழுத்திப் பிடித்தால் தண்டு சுற்றாமல் நிற்கும்.

பழைய சீலை எடுக்கும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும். புஷ் (பைப் வழுக்கி ஓடும் வளையம்) உள்ள பெரிய ஃபோர்க்கில் பைப்பையே சுத்தியல் மாதிரி இழுத்து அடித்தால் சீல் தானாக வெளியே வரும். கப்சாயில் நெம்பித்தான் எடுக்க வேண்டும். ஸ்குரூடிரைவரை அவுட்டர் விளிம்பில் நேரே ஊன்றி நெம்பினால் அலுமினியத்தில் வடு விழும், அதன் வழியே புது சீலின் வெளிப்பக்கமாகக் கசியும். இந்தக் கசிவை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். எல்லோரும் சீலையே திட்டுவார்கள். விளிம்பில் ஒரு ரப்பர் துண்டோ தடித்த துணியோ வைத்து நெம்புகிறவரைப் பார்த்தால் நம்பி வண்டியை விடலாம்.

புது சீலைப் பைப்பில் இறக்கும் முன் பைப்பின் மேல் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்ற வேண்டும், முனையின் கூர்மை உதட்டைக் கிழிக்காமல் இருக்க. உதட்டில் ரப்பருக்கு ஒத்துப்போகும் கிரீஸ் கொஞ்சம். எண் அச்சிட்ட முகம் மேலே, சுருள் கம்பி தெரியும் முகம் எண்ணெய்ப் பக்கம் கீழே. பிறகு சீல் டிரைவராலோ சரியான விட்டமுள்ள பி.வி.சி. குழாயாலோ நேராகத் தட்டி இறக்க வேண்டும். நல்ல மெக்கானிக் பழைய சீலைப் புதியதன் தலையில் கவிழ்த்து வைத்து அதன் மேல் தட்டுவார். நாலு தட்டு, ஒரு சுற்றுத் திருப்பல், மறுபடி நாலு தட்டு. பூட்டு வளையத்தின் காடி முழு வட்டமும் தெரியும்போது தட்டும் ஓசை கனத்துவிடும், அங்கே கை நிற்கும். ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் குத்தி இறக்குகிறவர்களையும் பார்க்கலாம். அந்த சீல் சாய்ந்து உட்கார்ந்து, கிளம்பின அன்றைக்கே கசியும்.

அடி போல்ட்டுக்குப் புது செப்பு வாஷர், மரையில் லாக் திரவம் ஒரு சொட்டு. இறுக்கும் விசை இந்த வகை போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 23 நியூட்டன் மீட்டர். உள்ளே இருப்பது அளவான மரை, நாலடிக் குழாயைப் போட்டு இறுக்கக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் பினாங்குப் பட்டறைகளுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. முதல் குறை, வகை. ஃபோர்க் எண்ணெய் 10டபிள்யூ என்று புத்தகம் சொன்னால், 10டபிள்யூ-40 எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிட்டு "அதே நம்பர்தானே" என்கிறார்கள். எஞ்சின் எண்ணெயில் அந்த எண் குளிர்ப் பரிசோதனைக்குரியது. 40 டிகிரி வெப்பத்தில் அது சாதாரண 10டபிள்யூ ஃபோர்க் எண்ணெயைவிட இரண்டரை மூன்று மடங்கு கெட்டி. ஃபோர்க் கட்டை மாதிரி ஆகும், மேடு பள்ளத்தில் உள்ளே அழுத்தம் எகிறும், சீல்தான் அடி வாங்கும். ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) ஊற்றுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டோம். டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். கனத்தில் 10டபிள்யூவுக்குப் பக்கத்தில்தான் வரும், கப்சாய்க்குப் போதும்.

இரண்டாவது குறை, அளவு. கப்சாய் ஃபோர்க்கின் இரண்டு கால்களில் ஒன்றுக்குப் போவது நூறு மில்லிலிட்டருக்கும் குறைவு. அதைப் போத்தல் மூடியில் கண்ணளவாக ஊற்றுகிறார்கள். பைப்பின் உள் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 5 மில்லிலிட்டர் கூடினாலே எண்ணெய் மட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறிவிடும். எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். அது குறுகினால் முழு அமுக்கத்தில் அழுத்தம் ஏறி எண்ணெயை சீல் வழியே வெளியே தள்ளும். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு முழுதும் கழற்றிக் காயவைத்த ஃபோர்க்குக்கு என்பதையும் மறக்கிறார்கள். கவிழ்த்து வடித்தால் மட்டும் உள்ளே கொஞ்சம் மிஞ்சும். அதன் மேல் முழு அளவையும் ஊற்றினால் நிறைந்து வழிகிற கதைதான். மருந்துக்கடை ஊசிக் குழலால் அளந்து ஊற்றி, காற்றுக் குமிழ் போக மெதுவாக ஏற்றி இறக்கி, பத்து நிமிடம் விட்டு, ஸ்பிரிங் இல்லாமல் பைப்பை முழுதும் அமுக்கிய நிலையில் மேல் விளிம்பிலிருந்து மட்டத்தை அளக்க வேண்டும். இரண்டு காலுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அளக்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும். அது எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை.

திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். சக்கர அச்சை இறுக்கிய பிறகு, கிளாம்ப் போல்ட் உள்ள வண்டியில் அதை இறுக்கும் முன், முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து தடவை அழுத்த வேண்டும். அப்போதுதான் இரண்டு காலும் தன் இடத்தில் நேராகும். இதை விட்டால் கால்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே ஓடும், சீல் ஒரு பக்கமாகத் தேயும்.

எண்ணெய் வழிந்து பிரேக் பேடில் ஏறியிருந்தால் பேடை மாற்றியே ஆக வேண்டும். அடுப்பில் காட்டி எரித்துத் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே எரியும், உள்ளே ஊறியது மிஞ்சும், ஈரச் சாலையில் ஒருநாள் பிடிக்காது. டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனரில் துடைத்தால் போதும்.

மொத்தத்தில் சின்னப் பட்டறைகளுக்கு ஐந்தில் மூன்று கொடுக்கலாம். கழற்றி மாட்டும் வேகமும் கூலியும் நன்றாகவே இருக்கின்றன. கப்சாய்க்கு வண்டியைக் காலையில் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் வாங்கிவிடலாம், பெரிய ஷோரூம் விலையில் பாதிகூட வராது. பைப் பரிசோதனையும் எண்ணெய் அளவும் இல்லாததால்தான் இரண்டு மதிப்பெண் போகிறது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முந்தின வாரத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுதும் பட்டறையில்தான் நிற்கும், எந்த மெக்கானிக்கும் நகத்தால் பைப்பை வருட நேரம் ஒதுக்க மாட்டார்.

வண்டியை விடும் முன் கேட்க வேண்டியது இவ்வளவுதான். "அண்ணே, கழட்டினதும் பைப்பை எனக்குக் காட்டுங்க, அப்புறம் சீல் போடலாம்" என்று சொல்லுங்கள். முகம் சுளிக்காதவரிடம் கொடுங்கள். செப்பு வாஷரும் தூசி சீலும் விலையில் சேர்ந்திருக்கிறதா, என்ன எண்ணெய், எத்தனை மில்லி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய சீலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உதடு ஒரே இடத்தில் சீவியிருந்தால் பைப்பில் குழி இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கால் நேராக இல்லை, சுற்றிலும் ரப்பர் இறுகிக் கட்டையாகியிருந்தால் அது வயதானதுதான், வேறு கவலை வேண்டாம். வண்டி வந்த முதல் இரண்டு மூன்று நாள் பைப்பில் லேசாக கிரீஸ் படலம் தெரியும். துடைத்துவிட்டு ஓட்டுங்கள். துடைத்த இடத்தில் வாரம் கழிந்தும் வளையம் திரண்டால் வண்டியை அதே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.